படிக்கட்டுச் சுவர்

பெயிண்டர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் ஜனங்களுக்குச் சாவு வீட்டுக்கு வரத் தெரிவதில்லை என்பது அவருடைய கோபம். வருகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், முதுகில் இரண்டு தட்டு தட்டுகிறார்கள். அதோடு வந்த வேலை முடிந்தது என்று போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுகிறார்கள். காலையில் ஒருவன் அவருடைய மனைவியைக் கிடத்தியிருந்த பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சார்ஜ் போட எங்கேயாவது இடம் இருக்கிறதா என்று கேட்டான். அழுகிறவர்கள்கூடச் சத்தம் வராமல் அழுகிறார்கள், பக்கத்து அறையில் யாரோ பரீட்சை எழுதுவதுபோல. நாற்காலியை எடுத்த இடத்தில் வைக்கவும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது. ஒன்று கழிவறைக் கதவுக்கு எதிரில் காவல்காரனைப்போல நின்றது.

மனைவியைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சும்மா இருந்தால் கை எதையாவது தேடியது. பதினோராவது நாற்காலியைத் தூக்கும்போது மகள் வந்து அதன் காலைப் பிடித்தாள்.

“அடுக்காதீங்கப்பா. வேணும்.”

“எதுக்கு? இன்னும் யாரு வரப்போறா?”

“யாரும் வரலை. இருக்கிறவங்க உட்காரணும். படம் போடப்போறோம்.”

“என்ன படம்?”

“அந்தப் படந்தான். மாடிப் பொண்ணு எடுத்தது.”

“சாவு வீட்ல சினிமாவா? உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா?”

“எனக்கில்ல. அம்மா சொன்னது. ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டு மூணு தடவ சொன்னாங்க. ‘என்னக் கொண்டுபோய் விட்ட அன்னிக்கே போடணும், நாளைக்குன்னு தள்ளாத, தள்ளினா உங்கப்பா நழுவிடுவாரு’ன்னு.” மகள் மூக்கை உறிஞ்சினாள். “உங்களையும் ஏணி மாமாவையும் பக்கத்துல பக்கத்துல, முன்னால உட்கார வைக்கணும்னாங்க. அதையும் சொல்லித்தான் கண்ண மூடினாங்க.”

பெயிண்டர் நாற்காலியை விட்டார். நழுவுகிற ஆள்தான், அது அவளுக்குத் தெரியும். கூட்டாளி ஏணியை எதற்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை. காரணம் புரியாத எதையும் அவர் நம்பியதில்லை.

மாடிப் பொண்ணு என்பது மூன்று வருடத்துக்கு முன்னால் மாடி அறைக்குக் குடிவந்த பெண். சினிமா எடுக்கிறேன் என்றாள். அவருக்கு அப்போதே சந்தேகம். சினிமா எடுக்கிறவர்கள் அறுந்த செருப்பை ஊசி நூல் போட்டுத் தைத்துப் போட்டுக்கொள்வார்களா? ஆனால் மனைவிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும், முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுவாள். இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம். கீழே இருக்கிற இவருக்குப் பேச்சுக் கேட்கும், வார்த்தை கேட்காது.

“அப்படி என்னதான் பேசுவீங்க?”

“பொம்பளைங்க பேச்சு. உங்களுக்கு எதுக்கு?”

படம் எடுத்து முடித்து, எங்கெங்கேயோ நாலு ஊரில் காட்டி, ஒரு ஊரில் சான்றிதழும் வாங்கிவந்தாள் அந்தப் பெண். ஒரு நாள் சமையலறை மேடைமேல் கம்ப்யூட்டரை வைத்துப் போட்டும் காட்டினாள். ஒருத்தி கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். “தண்ணி வீணாகுது” என்று சொல்லிவிட்டு இவர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு மனைவி எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் கேட்டாள். “ஒரே ஒரு தடவ முழுசாப் பாத்துடுங்களேன்.” “நீ மொதல்ல வீட்டுக்கு வா, பாக்கலாம்” என்றார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டார்.

ஏணி சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். உயரமான ஒல்லி மனிதர். அந்தப் பெயரை வைத்ததே பெயிண்டர்தான், இருவருக்கும் இருபத்திரண்டு வயதாக இருக்கும்போது. ஏணி சுவரைத் தேய்ப்பார், பெயிண்டர் வண்ணம் அடிப்பார். ஊரில் பாதிச் சுவர்கள் அப்படி முடிந்தவை. ஏணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு அறை, சாப்பாடு இங்கே. பெயிண்டரின் மனைவி கூடப்பிறந்தவர்கள் இல்லாதவள், ஏணியைத்தான் அண்ணே என்பாள். காலையில் அவளைத் தூக்கும்போது வாய்விட்டு அழுதது ஏணி ஒருவர்தான். சாவு வீடென்று தெருவுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

“வாடா. சினிமாவாம்” என்றார் பெயிண்டர்.

“பாப்பா சொல்லிச்சு. தங்கச்சி ஆசைப்பட்டிருக்கு, பாத்துட்டுப் போவோமே. என்ன, கண்ணு கொஞ்சம் வலிக்கும்.”

“எனக்கு இடுப்பு வலிக்கும்.”

“உனக்கு உக்காந்தா இடுப்பு, நின்னா முட்டி. உன்ன வச்சுக்கிட்டு அது எப்படித்தான் குடும்பம் நடத்துச்சோ.” சொல்லிவிட்டு, அது இப்போது இல்லை என்பது நினைவு வந்து, ஏணி கழுவின டம்ளரையே இன்னொரு தடவை கழுவினார்.

மாடிப் பொண்ணு கூடத்து ஜன்னல்களில் போர்வையைக் கட்டி வெளிச்சத்தை அடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே நாலு மணி வெயில். திரை எங்கே என்று மருமகன் கேட்டான்.

“திரை எதுக்குண்ணா? அங்கிள் அடிச்ச சுவரே போதும். இவ்வளவு சமமா ஒரு சுவத்த நான் எந்தத் தியேட்டர்லயும் பாத்ததில்ல.”

புகழ்கிறவர்களை பெயிண்டர் நம்புவதில்லை. ஆனாலும் சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். முன்வரிசையில் அவரும் ஏணியும். பின்னால் மகள், மருமகன், பக்கத்து வீட்டுக்காரி, தெருவிலிருந்து வந்து போகாமல் இருந்த ஏழெட்டுப் பேர்.

படம் தொடங்கியது. ஒரு படிக்கட்டு. அதன் கைப்பிடி. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் ஒரு படியில் கிடந்தது. அவ்வளவுதான். ஆளும் இல்லை, பாட்டும் இல்லை.

“நின்னு போச்சா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“இல்லக்கா, ஓடுது.”

“ஓடுதா? எது ஓடுது?”

“வெயிலு ஓடுது. நல்லாப் பாருங்க, மேல் படியிலருந்து கீழ்ப் படிக்கு வருது” என்றான் மருமகன். இருட்டில் இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

பெயிண்டர் படியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். கீழ்ப்பாதி பச்சை, மேல்பாதி வெளிர் மஞ்சள், நடுவில் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு. அந்தப் பச்சையை எங்கேயோ கலக்கியிருக்கிறோம் என்று தோன்றியது. யாரோ கேட்டுக் கேட்டுத்தான் அந்த நிறத்தைப் பிடித்திருக்க வேண்டும்.

ஒரு பெண் மடித்த அட்டைகளை இடுப்பில் அடுக்கிக்கொண்டு படியேறினாள். விரலெல்லாம் பசை காய்ந்து உரிந்திருந்தது. சுவரோரம் ஓர் ஏணி, அதன்மேல் ஒருவனுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அவள் கடந்து போகும்போது பிரஷ் சுவரில் தேய்கிற சத்தம் நின்றது. அவள் மேலே போய்ச் சேர்ந்ததும் மறுபடி கேட்டது. கீழ்ப்படியில் இன்னொரு பையன் உட்கார்ந்து உப்புத்தாளால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் இறங்கினாள், சத்தம் நின்றது. ஏறினாள், சத்தம் நின்றது. நாலாவது தடவையில் மருமகனின் குறட்டை மெல்லக் கேட்டது.

“அந்தப் பையன் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசினாத்தான் என்ன? நாமாவது வீட்டுக்குப் போகலாம்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மகள் முன்னால் குனிந்தாள். “அப்பா, இது நீங்கதானே? அம்மா வேல பாத்த பெட்டி ஒட்டுற பட்டற மூணாவது மாடியிலதானே இருந்துச்சு?”

எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்ப்பது இருட்டிலும் தெரிந்தது. ஏணி முழங்கையால் இடித்தார். “டேய், உன் காலு இவ்வளவு அழகாவா இருந்துச்சு?”

பெயிண்டருக்குக் காது சுட்டது. கெட்ட சூடு என்று சொல்ல முடியாது. இதைத்தான் மாடியில் உட்கார்ந்து பேசினாளா? கிழவிக்கு என்ன வெட்கம்கெட்ட ஆசை என்று நினைத்தார். கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தார்.

ஏணியிலிருந்த பையன் இறங்கினான். படத்தில் முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது. “ஏங்க, ஏணி கிறீச்சுனு சத்தம் போடுது. உங்க மெஷினுக்கு விடுற எண்ணெய் கொஞ்சம் கிடைக்குமா?”

வார்த்தை மாறாமல் அது பெயிண்டர் கேட்ட கேள்விதான்.

அந்தப் பெண் ஒரு புட்டி மூடியில் எண்ணெயை நிரப்பி, தளும்பாமல் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். மூடிக்குள் இருந்த எண்ணெயில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் மேகம் நகர்ந்தது. பின்வரிசையில் யாரோ ‘அடடா’ என்றார்கள். பெயிண்டர் எழுந்துவிடலாமா என்று பார்த்தார். வாசலுக்கும் அவருக்கும் நடுவே மூன்று வரிசை நாற்காலி, எல்லாம் அவர் அடுக்கியதை மகள் மறுபடி பிரித்துப் போட்டவை.

சாயங்கால வெளிச்சம். வண்ணம் அடிக்கிற பையன் தனியாக இருந்தான். பழைய துணியை மூடியில் தோய்த்தான். தேய்த்து முடித்து இன்னும் வண்ணம் அடிக்காத சுவரில், தோள் உயரத்தில், வட்டமாகத் தடவினான். மறுபடி தோய்த்தான். இன்னும் பெரிய வட்டம். அவசரமே இல்லை. கேமரா அவன் கையைவிட்டு நகரவில்லை. நகரட்டும் நகரட்டும் என்று பெயிண்டர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் அந்தப் பெண்ணின் பெயரை எழுதுகிறான் என்று நினைத்திருப்பாள். “பாவம், அவகிட்டப் பேசத் தைரியமில்லாம சுவத்தத் தடவிக்கிட்டிருக்கான்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அது என்ன வேலை என்பது அந்தக் கூடத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். எண்ணெய்மேல் அடித்த வண்ணம் ஒரு வாரம் பளபளவென்று நிற்கும். அப்புறம் கொப்புளித்துக்கொண்டு திட்டாக உரியும். பார்க்கிறவர்கள், சுவரை ஒழுங்காகத் தேய்க்கவில்லை, அழுக்குமேல் அடித்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள். சுவரைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தால் தவிர ஒரு பெயிண்டர் அதைச் செய்ய மாட்டான்.

வலது முட்டியை நீவிக்கொண்டிருந்த ஏணியின் கை நின்றது.

நாற்பத்தொன்பது வருடம் ஆகிறது. ஒன்பது நாள் வேலை அது, எட்டாவது நாள் முடிய இருந்தது. அடுத்த வேலை ஊரின் மறுகோடியில். எண்ணெய் கேட்டதைத் தவிர அவளோடு மூன்று வார்த்தை பேசியிருக்கவில்லை. சுவர் கெட்டால் மறுபடி பத்து நாள் கிடைக்கும். ஈரம் ஏறிவிட்டது என்று காண்ட்ராக்டர் நினைத்துக்கொள்வார் என்றுதான் இவர் நினைத்தார். ‘யார்டா தேச்சது?’ என்று கேட்பார் என்று நினைக்கவில்லை. கேட்டதும் வாயைத் திறக்கத்தான் பார்த்தார். திறந்தால் வேலையும் போகும், அவளும் போவாள். மூடிக்கொண்டார். தேய்த்தவன் ஏணி. ஏணி கையைத் தூக்கினான்.

அதோடு போகவில்லை. அழுக்கைத் தேய்க்காமல் விடுகிறவன் என்று பெயர் பரவி எந்தக் காண்ட்ராக்டரும் அவனைச் சேர்க்கவில்லை. வேலையில்லாதவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று, பேசிவைத்திருந்த பெண்வீட்டார் பின்வாங்கினார்கள். இரண்டு வருடம் கிடங்கில் மூட்டை தூக்கினான். பிறகு இவர் தனியாக வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தபோது அவனைக் கூட்டிக்கொண்டார். ‘இவன் இல்லேன்னா நான் இன்னமும் மூட்டதான் தூக்கிக்கிட்டிருப்பேன்’ என்று ஏணி கண்டவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது பெயிண்டர் மறுத்ததில்லை.

மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார், மகள் பிறந்த வருடம். பெருமையாகத்தான் ஆரம்பித்தார். “உனக்காக ஒரு சுவத்தையே கெடுத்தவன் நான்.” அவள் சிரித்தாள். எப்படி என்று கேட்டாள். சொன்னார். சிரிப்பு நின்றது.

“நான் குடுத்த எண்ணெயா?”

“ஆமா.”

“அண்ணன்கிட்டச் சொல்லிடுங்க.”

“சொன்னா அப்புறம் இந்த வீட்டுப் படியேறுவானா? நீயும் மூச்சு விடக் கூடாது. பிள்ள தலையில அடிச்சுச் சொல்லு.”

சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. மறந்துவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். தினமும் சாப்பாட்டை முதலில் ஏணியின் தட்டில் போட்டாள். அது அவளுடைய பழக்கம் என்றும் நினைத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, முகம் தெரியாத நாலு ஊர்க்காரர்கள் பார்க்கும்படி இதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மாடியில். மத்தியானத்தில். இவர் கீழே உட்கார்ந்து வெற்றுப் பேச்சென்று கேட்டுக்கொண்டிருக்கும்போது.

சுவரில் படம் ஓடிக்கொண்டேயிருந்தது. காண்ட்ராக்டர் சாவியால் திட்டைச் சுரண்டினார். என்னவோ கேட்டார், அது கேட்கவில்லை. தேய்க்கிற பையன் கையைத் தூக்கினான். உப்புத்தாளையும் சுரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். கேமரா அவனோடு போகவில்லை. அவன் போன படியையே பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் வரவில்லை. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. பெயிண்டர் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஒரு படிக்கட்டைப் பார்த்ததில்லை. பக்கத்தில் ஏணி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

அப்புறம் எண்ணெய் தடவிய பையனும் பெண்ணும் பேசினார்கள், சிரித்தார்கள், அவள் விரலிலிருந்து அவன் பசையை உரித்தான். அவர்கள் தோளுக்குப் பின்னால் அந்தத் திட்டு புது வண்ணத்தோடு தெரிந்தது. ஒரு கதவு மூடியது. கறுப்பில் ஒரே ஒரு வார்த்தை வந்தது.

அண்ணனுக்கு.

போர்வைகளை அவிழ்த்ததும் எல்லோருக்கும் கண் கூசியது. நாலு பேர் கைதட்ட ஆரம்பித்து, எந்த வீட்டில் இருக்கிறோம் என்பது நினைவு வந்து நிறுத்தினார்கள். மகளின் முகமெல்லாம் ஈரம். “எவ்வளவு அழகா இருக்குப்பா. அம்மா இதையெல்லாம் ஞாபகம் வச்சிருந்திருக்காங்க.”

“அழகாத்தான் இருக்கு” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “ஆனா அந்த எண்ணெய் எதுக்குன்னுதான் புரியல. ஏணிக்குன்னு வாங்கினான், ஏணிக்குப் போடவே இல்லையே?”

மாடிப் பொண்ணு கையில் ஒயரைச் சுற்றியபடி பெயிண்டரைப் பார்த்தாள். பக்கத்தில் ஏணியும் பார்த்தார்.

“யாருக்குத் தெரியும்?” என்றார் பெயிண்டர். “சினிமாக்காரங்க எதையாவது காட்டுவாங்க. அழகுக்கு.”

ஏணி எழுந்தார். வரிசையை நகர்த்தி வழி பண்ணிக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு பெயிண்டரும் போனார். ஏணி கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“மெஷின் எண்ணெயா?” என்றார், திரும்பாமல்.

“ம்.”

“எத்தன மூடி?”

“ஒண்ணுதான்.”

“ஒரு மூடிக்கா அவ்வளவு உரிஞ்சுச்சு?” ஏணி குழாயை மூடினார். வேலைக்காரன் வேலையைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டார். “நான் என் தேய்ப்புலதான் கோளாறுன்னு நெனச்சேன். எங்க விட்டேன், எங்க விட்டேன்னு அந்தச் சுவத்த மனசுக்குள்ளயே தடவித் தடவிப் பாத்திருக்கேன். அதுக்கப்புறம் எந்தச் சுவரா இருந்தாலும் ரெண்டு தடவ தேய்ப்பேன். நீகூடத் திட்டுவ, நேரமாகுதுன்னு.”

பெயிண்டர் மேடையில் இருந்த டம்ளர்களைப் பார்த்தார். எல்லாம் கவிழ்த்து வரிசையாக இருந்தன.

“அவளும்தான் மறைச்சா” என்றார். “நான் மட்டுமா? நாப்பத்தஞ்சு வருஷம் உனக்குச் சோறு போட்டுக்கிட்டே மறைச்சா. எங்கிட்டச் சத்தியம் பண்ணிட்டு, இப்ப ஊரக் கூட்டி வச்சு…”

“தங்கச்சி சொல்லிடுச்சுடா. லேட்டாத்தான். ஆனா சொல்லிடுச்சு.”

“செத்தப்புறமா?”

“நீ உசுரோடதானே இருக்க. இப்பக்கூடப் பக்கத்து வீட்டம்மா எண்ணெய் எதுக்குன்னு கேட்டுச்சே.”

ஏணி துண்டில் கையைத் துடைத்து அதைக் கொடியில் விரித்துப் போட்டார். கூடத்தில் மகளைத் தாண்டும்போது நின்றார். “ராத்திரிக்கு எனக்கு எடுத்து வைக்காத பாப்பா.”

“ஏன் மாமா? காலையிலருந்து ஒண்ணுமே சாப்பிடலயே நீங்க?”

“வேண்டாம்மா. நாளைக்கும் வேண்டாம்.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாடிப் பொண்ணிடம் போய்க்கொண்டிருந்தார்.

“யாரக் கேட்டு இத எடுத்த?”

“அம்மாவக் கேட்டு.”

“அவ ஒருத்தி சொன்னா எடுத்துடுவியா? என் கையி, என் சுவரு, என் கத. அவளுக்கு நான் சொன்னது. உனக்கில்ல.”

அந்தப் பெண் பயப்படவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. “அம்மா கோவத்துல சொல்லல அங்கிள். அழுதுக்கிட்டேதான் சொன்னாங்க. படத்தப் பாத்தீங்கன்னா நீங்களே போய் அவருகிட்டச் சொல்லிடுவீங்கன்னு நம்பினாங்க. அதுக்குத்தான் உங்களப் பாக்கச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு வருஷம். நீங்க பாக்கவே இல்ல.”

“நீ சொல்ற. நான் நம்பணுமா?”

“நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். உங்களுக்கு அது நல்லதுன்னாங்க.”

“எனக்கு எது நல்லதுன்னு முடிவு பண்ண அவ யாரு?”

“உங்க மனைவி.”

“இருந்தா. நேத்து வரைக்கும். சொல்றதுன்னா எதிர்ல நின்னு சொல்லணும். நான் நாலு கேப்பேன், அவ நாலு சொல்லுவா. அதுக்குப் பேரு சொல்றது. இப்ப நான் போய் யார்கிட்டக் கத்துறது? இந்தச் சுவத்துக்கிட்டயா?”

“என்னப்பா நடக்குது இங்க? எதப் பத்திப் பேசறீங்க?” மகள் நடுவில் வந்தாள். “ஏணி மாமா ஏன் அப்படிச் சொல்லிட்டுப் போறாரு?”

பக்கத்து வீட்டுக்காரியின் வீட்டிலிருந்து மூன்று பேர் அப்போதுதான் வந்து, முதலிலிருந்து பார்க்கலாமா என்று வாசலில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “போடு கண்ணு, அந்த எண்ணெய் வர்ற எடத்த நானும் இன்னொரு தடவ பாக்கறேன்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. யாரோ மறுபடி போர்வையை ஜன்னலுக்குத் தூக்கினார்கள்.

பெயிண்டர் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைக் காலால் துழாவி எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

தெருமுனையில் ஏணி போய்க்கொண்டிருந்தார். எப்போதும்போல ஒரு தோள் தாழ்ந்து, கையை வீசாமல். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். முனையில் ஏணி இடப்பக்கம் திரும்பினார். பெயிண்டர் அங்கே வந்து சேர்ந்து, வலப்பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் அவருக்கு எந்த வேலையும் இல்லை.

எப்படிப் பார்த்தாலும் அவள் செய்தது சரியில்லை. சண்டை போட்டிருக்கலாம். சோறு போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாற்பத்தைந்து வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘இன்னிக்கு நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்’ என்று மிரட்டியிருக்கலாம். சொல்லியிருப்பேனோ என்னவோ. அதையெல்லாம் விட்டுவிட்டு, ஆளை இருட்டில் உட்கார வைத்துச் சுற்றிலும் நாற்காலி போட்டு அடைத்துவிட்டுத் தான் மட்டும் கிளம்பிப் போவது என்ன நியாயம்? அந்தப் பெண் ஆயிரம் சொல்லட்டும். அழுதுகொண்டே சொன்னாளாம். அழுதால் சரியாகிவிடுமா?

வலப்பக்கம் ஒரு நீளமான மதில். புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள், ஒரு மாதம் ஆகியிருக்கலாம். நடந்துகொண்டே கட்டைவிரல் நகத்தை அதில் வைத்து இழுத்தார். எந்தச் சுவரைப் பார்த்தாலும் அப்படித்தான், கை தானாகப் போகும். உள்ளங்கை அளவுக்கு ஒரு சில்லு சுலபமாகக் கழன்று வந்தது.

“எவனோ தேய்க்காம விட்டிருக்கான்” என்றார், வாய்விட்டு.

சுற்றிலும் கேட்க யாரும் இல்லை. சில்லைக் கீழே போடாமல், கையை மடக்கிக்கொண்டு, மதிலைவிட்டு விலகித் தெருவின் நடுவே நடந்து போனார்.